நாலு என்றால் பசு

வாசுதேவநல்லூரில் எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இன்னும் ஆறு வயது நிறையவில்லை. சாயங்காலம் அம்மாவின் செல்போனை வாங்கிக்கொண்டு எங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிடும். போன வாரம் ஒருநாள் திடீரென்று முகம் வாடிப்போய், "தாத்தா, மூணு செத்துப்போச்சு" என்றது. எட்டிப் பார்த்தேன். திரையில் மூன்று கட்டைகளால் ஆன மஞ்சள் பொம்மையும் ஒரு சிவப்புக் கட்டையும் மோதிக்கொண்டு, நாலு கட்டையுள்ள பச்சைப் பொம்மையாக எழுந்து நின்றன. அடுத்த நிமிடமே பச்சையின் தலையிலிருந்து ஒரு கட்டை குதித்து இறங்க, மஞ்சள் மூன்று திரும்பி வந்துவிட்டது. பிள்ளைக்கு உயிர் வந்தது. "சாகல தாத்தா, உள்ளதான் இருந்திருக்கு!"

நாலுக்குள் மூன்று இருக்கிறது. கேட்பதற்கு ஒன்றுமில்லாத விஷயம். ஆனால் ஒன்று, இரண்டு, மூன்று என்று நூறு வரை ஒப்பிக்கிற பிள்ளைகளில் பலருக்கு இது தெரியாது. அவர்களுக்கு மூன்று என்பது இரண்டுக்கு அடுத்து வாயில் வருகிற சொல். மூன்று கோலிக்காயோடு ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தால் மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்குவார்கள். பள்ளிக்கூடத்தில் மாதக்கணக்கில் நடத்த வேண்டியதை அந்தக் கார்ட்டூன் ஒரு சாவும் ஒரு மறுபிறப்புமாகக் காட்டிவிட்டது.

அதன் பெயர் நம்பர்பிளாக்ஸ். எழுத்துகளுக்கு உயிர் கொடுத்த ஆல்ஃபாபிளாக்ஸின் தம்பி. பிபிசியின் குழந்தைகள் அலைவரிசையான சிபீபீஸில் 2017 ஜனவரியில் தொடங்கியது. ஜோ எலியட் உருவாக்கியது, புளூ ஸூ நிறுவனம் அசைவூட்டியது. இங்கிலாந்தின் தேசியக் கணிதக் கற்பித்தல் மையத்தின் ஆலோசனையும் அதன் பின்னால் உண்டு. அது தெரிகிறது. ஒன்றாம் எண் ஒரே ஒரு சிவப்புக் கட்டை. ஐந்து என்றால் ஐந்து கட்டை, எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். நாலுக்குச் சதுரத்தின் மேல் பிரியம், ஏனென்றால் அவன் இரண்டுக்கு இரண்டாக அடுக்கி நிற்க முடியும். பன்னிரண்டுக்கு நீள்சதுரம் என்றால் உயிர்: மூன்றுக்கு நாலாக நிற்பாள், இரண்டுக்கு ஆறாகவும் படுப்பாள். பதினைந்து படிக்கட்டாக மாறுவாள், ஒன்று முதல் ஐந்து வரை கூட்டினால் பதினைந்து என்பதால். பூஜ்ஜியத்துக்குக் கட்டையே இல்லை, வெறும் முகம்தான்.

நம் யூடியூபில் ஓடுகிற பெரும்பாலான எண் பாட்டுகளை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1, 2, 3 என்ற எழுத்துருவுக்கு இரண்டு கண், ஒரு சிரிப்பு, கை கால். எல்லாம் ஒரே உயரம். ஏழு ஆடுகிற ஆட்டத்தைத்தான் ஒன்பதும் ஆடும். பிள்ளை அதில் கற்பது எண்ணின் கோட்டுருவத்தை மட்டுமே. பொம்மைக்கு உயிர் இருக்கிறது, எண்ணுக்கு இல்லை.

எண்ணுக்குக் குணம் கற்பிப்பதொன்றும் நமக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டில் எண்களுக்கு இருக்கிற குணநலன்களைப் பட்டியல் போட்டால் சீரியல் எடுக்கலாம். வண்டி வாங்குகிறவர் பதிவு எண்ணின் கூட்டுத்தொகை எட்டு வந்துவிடக் கூடாது என்று அலைகிறார். பெயரில் ஓர் ஆங்கில எழுத்தைக் கூடச் சேர்த்து எண் கணிதத்தைச் சரிக்கட்டுகிறார்கள். ஏமாற்றுக்காரனுக்குப் பெயர் நானூற்று இருபது. இந்திய தண்டனைச் சட்டம் 2024 ஜூலையோடு போய், புதிய சட்டத்தில் மோசடிக்குப் பிரிவு 318 ஆன பிறகும் வசவு மாறவில்லை.

எல்லாவற்றிலும் கொடுமை ஒன்பதுக்கு நடந்தது. பெண்மைச் சாயல் தெரிகிற பையனை, திருநங்கையை, பள்ளிக்கூட வாசலில் வைத்து 'ஒன்பது' என்று கூப்பிடுகிற ஊர் இது. அவ்வளவுக்கும் எங்கள் ஊர்க் கோயிலில் மூலவரே அர்த்தநாரீஸ்வரர், பாதி ஆண், பாதி பெண். அவரைக் கும்பிட்டுவிட்டுத் தெருவுக்கு வந்ததும் அந்த வார்த்தை வாயில் வருகிறது.

எட்டுக்கு வந்த அச்சமோ ஒன்பதுக்கு வந்த ஏளனமோ அந்த எண்ணின் கணக்கிலிருந்து வரவில்லை, நாம் ஏற்றியது. இந்த அளவுகோலால் பார்த்தால் நம்பர்பிளாக்ஸும் சில இடங்களில் சறுக்குகிறது. ஏழாம் எண்ணை அதிர்ஷ்டசாலியாகவும் பதின்மூன்றை எதற்கெடுத்தாலும் பத்தும் மூன்றுமாக உடைந்து விழுகிற துரதிர்ஷ்டசாலியாகவும் காட்டுவது மேற்கத்தியரின் ஜோசியம். பதின்மூன்றுக்குள் பத்தும் மூன்றும் இருப்பது கணக்கு. அது ராசியில்லாதது என்பது கணக்கில்லை. எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இரண்டும் ஒன்றாகத்தான் உள்ளே போகின்றன.

இதைத் தமிழில் குரல் மாற்றி ஒளிபரப்பினால் போதாதா என்று கேட்கிறார்கள். போதாது. ஆங்கிலத்தில் லெவன், டுவெல்வ் என்ற சொற்களுக்குள் பத்து இருப்பது காதுக்குத் தெரியாது. அதனால் அங்கே பத்தும் ஒன்றும் கைகோத்துப் பதினொன்றாவதைப் படமாகக் காட்ட மெனக்கெட வேண்டியிருக்கிறது. தமிழில் பதினொன்று என்று சொன்னாலே பத்தும் ஒன்றும் சேர்ந்து வந்து நிற்கின்றன. பழைய தமிழ் எண்குறி இன்னும் ஒரு படி மேல். இருபத்தைந்தை ௨௰௫ என்று எழுதினார்கள்: இரண்டு, பத்து, ஐந்து. பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனித்தனிக் குறிகள் இருந்ததால் பூஜ்ஜியம் தேவைப்படவில்லை. பெருக்கல் போட வசதிப்படாது என்பது உண்மைதான். ஆனால் இருபத்தைந்தின் உடம்புக்குள் என்ன இருக்கிறது என்பதை இதைவிடப் பளிச்சென்று காட்ட முடியாது. இத்தனை இருந்தும் எங்கள் தெருப் பிள்ளைகளிடம் தொண்ணூறு என்றால், "நைன்ட்டியா?" என்று திருப்பிக் கேட்கிறார்கள்.

தொண்ணூறில் பிள்ளை தடுமாறுவதற்கு நியாயமும் இருக்கிறது. எழுபது, எண்பது என்று வந்த வரிசையில் அடுத்தது நூறு என்று முடிகிறது, ஆனால் நூறு இல்லை. எண்ணூறுக்கு அடுத்தது ஆயிரம் என்று முடிகிறது, ஆயிரமும் இல்லை. பழந்தமிழில் ஒன்பதுக்குத் 'தொண்டு' என்று ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயர் வழக்கொழிந்துபோக, மேல்படியில் இருந்த பெயர்கள் ஒவ்வொன்றாகக் கீழ்ப்படிக்கு இறங்கிவிட்டன என்பது தேவநேயப் பாவாணரின் விளக்கம். பாவாணர் 1902-இல் சங்கரன்கோவிலில் பிறந்தவர், எங்கள் பக்கத்துக்காரர். எல்லா மொழியறிஞர்களும் இதை ஒப்புக்கொள்வார்களா என்பது வேறு சங்கதி. ஆனால் பெயரைத் தொலைத்த ஒன்பதின் கதையைவிட நல்ல கார்ட்டூன் கதை எது? ஏளனத்துக்கு ஆளான எண்ணுக்கு அதன் மரியாதையும் திரும்பும்.

பின்னத்துக்கு வருவோம். நம்மிடம் சரக்கு குவிந்து கிடப்பது இங்கேதான். ஆங்கிலத்தில் பின்னம் என்றால் மேலே ஓர் எண், கீழே ஓர் எண். தமிழில் ஒவ்வொரு பின்னமும் பெயருள்ள ஆள். முந்திரி என்பது 320-இல் ஒன்று. நாலு முந்திரி சேர்ந்தால் ஒரு காணி, அதாவது எண்பதில் ஒன்று. நாலு காணி ஒரு மா. ஐந்து மா ஒரு கால். நாலு கால் ஒன்று. கட்டையின் மேல் கட்டை ஏறி நிற்கிற அதே வேலைதான், ஒன்றுக்குக் கீழே இறங்கிச் செய்கிறோம். அரைக்கால் என்ற பெயரையே பாருங்கள், காலில் பாதி என்று தன் கணக்கைத் தானே சொல்கிறது. எட்டில் மூன்றைக் 'காலே அரைக்கால்' என்றார்கள்.

திண்ணைப் பள்ளிகளில் இதற்கென்றே பாடங்கள் இருந்தன: பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தைச் சேர்ந்த செந்தில் பாபு இந்தப் பள்ளிகளின் கணக்குப் பயிற்சியை ஆராய்ந்து எழுதிய நூல் 2022-இல் வெளிவந்தது. நெல்லிலக்கம் எங்கள் பகுதிக்கு வெறும் ஏட்டுப் படிப்பு இல்லை. பூலித்தேவரின் நெற்கட்டும்செவல் பக்கத்தில்தான் இருக்கிறது. கப்பமாக நெல் கட்ட மறுத்ததால் வந்த பெயர் என்பது ஊர்ப் பேச்சு. நெல்லை அளக்கத் தெரிந்தவர்களுக்குத்தானே கட்ட மாட்டேன் என்று சொல்லவும் தெரியும்! இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி. இரட்டித்து இரட்டித்துப் போகிற இந்த அளவைகளையும் பின்னங்களையும் 1957-இல் வந்த நயா பைசாவும் பின்னாலேயே வந்த மெட்ரிக் முறையும் ஓரங்கட்டின. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, ரேஷன் கடையில் முந்திரிக் கணக்குப் போட யாராலும் ஆகாது. ஆனால் கால், அரை, முக்கால் என்ற மூன்று பேரைத் தவிர மற்றவர்கள் எல்லாம் பிள்ளைகளுக்கு அந்நியராகிப்போனது நஷ்டம்தான்.

களத்தில் நெல் அளக்கிறவர் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்ல மாட்டார், 'லாபம்' என்பார். இரண்டிலிருந்துதான் எண். ஒன்றுக்கு இப்படி ஒரு பட்டப்பெயர். பாதிக்கு, முன்பு நாங்கள் சேர்ந்திருந்த சங்கரன்கோவில் வட்டத்தில் இரண்டு சாமிகள்: சங்கரன்கோவிலில் சங்கரநாராயணர், இங்கே அர்த்தநாரீஸ்வரர். பாதியும் பாதியும் சேர்ந்தால் குறையில்லாத ஒன்று என்பதை இந்தப் பக்கத்துப் பிள்ளைக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

பல்லாங்குழியை விட்டுவிட்டேனே. ஏழேழாக இரண்டு வரிசை, பதினாலு குழி. காய் போட்டுக்கொண்டே போகையில் ஒரு குழியில் நாலு காய் சேர்ந்துவிட்டால் அதற்குப் பெயர் 'பசு'. குழிக்காரர் அள்ளிக்கொள்வார். மூன்று கிடக்கிற குழியின் மேலேயே எல்லார் கண்ணும் இருக்கும். இன்னொரு காய் விழுந்தால் அங்கே ஒரு பசு பிறக்கும். என் பாட்டி மூன்று காய் கிடக்கும் குழியைப் பார்த்து, "நிறைமாசமா இருக்கு" என்பாள். பிபிசிக்காரர்கள் கணிதவல்லுநர்களை வைத்துச் செய்ததைப் புளியங்கொட்டையை வைத்து அவள் செய்தாள்.

அரசுப் பள்ளிகள் இந்தத் திசையில் போகவே இல்லை என்றும் சொல்ல முடியாது. மரியா மாண்டிசோரி 1939-இல் அடையாறுக்கு வந்தார். இத்தாலி போரில் இறங்கியதால் 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. ஒன்றுக்குச் சிவப்பு, இரண்டுக்குப் பச்சை, பத்துக்குத் தங்கநிறம் என்று மணிகளைக் கம்பியில் கோத்து எண்ணுக்கு நிறமும் நீளமும் கொடுத்தவர் அவர். அந்தச் சாயல் பிறகு நம் செயல்வழிக் கற்றல் வகுப்புகளில் இறங்கியது. 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்து, முகமூடியும் பொம்மையும் பாட்டுமாக ஆசிரியர்கள் வகுப்பு நடத்துகிறார்கள். 2019-இலிருந்து கல்வித் தொலைக்காட்சி இருக்கிறது. ஆளும் இருக்கிறது, அலைவரிசையும் இருக்கிறது. தமிழ் எண்ணின் குணம் தெரிந்த கதாபாத்திரங்கள்தான் இல்லை.

அப்படி ஒரு தொடர் எடுக்கப் பணம் ஆகும். ஆகட்டும், விளம்பரத்துக்கும் விழாவுக்கும் ஆகாத பணமா? நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. எடுத்தால் 3 என்ற உருவத்துக்கு வேட்டி கட்டி மீசை வைத்து ஆடவிட்டு, பண்பாடு என்று சொல்லிவிடுவார்கள். வேட்டி வேண்டாம். ஒன்பது தன் பெயரைத் தேடிப் போகட்டும், நாலு முந்திரி காணியாகட்டும், மூன்று காய்க்குப் பக்கத்தில் நாலாவது வந்து பசுவாகட்டும். கணக்குத் தெரிந்த ஆசிரியரைக் கதை எழுதுகிறவருக்குப் பக்கத்தில் உட்காரவைத்தால் முக்கால் வேலை முடிந்தது.

திரை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதில் ஒரு காயைக்கூடப் பிள்ளையால் கையில் எடுக்க முடியாது. கட்டைகள் தாமாகவே சேர்கின்றன, தாமாகவே பிரிகின்றன. பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது. எனவே அரசாங்கம் தொடர் எடுக்கும்வரை காத்திருக்காமல், பரணில் பல்லாங்குழிப் பலகை கிடந்தால் இறக்கித் துடைத்துப் பிள்ளையின் முன்னால் வையுங்கள். பலகை இல்லாவிட்டால் தரையில் சாக்பீஸால் பதினாலு வட்டம் போட்டுக்கொள்ளலாம். புளியங்கொட்டைக்கு வாசுதேவநல்லூரில் பஞ்சமில்லை, எங்கள் கோயிலின் தலமரமே புளிதான்.