கோணல் யாருடையது?

'ஆடத் தெரியாதவள் தெருக் கோணல் என்றாளாம்' என்று ஒரு பழமொழி இருக்கிறது. அதன் மேல் எனக்கு வெகு நாளாகக் கோபம். அதை முதலில் சொன்னவன் தெருவைப் போய்ப் பார்த்தானா என்பது என் சந்தேகம். தெரு நிஜமாகவே கோணலாக இருந்திருந்தால்?

எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் ஒரு மாமியார் தன் மருமகளைப் பார்த்து இந்தப் பழமொழியைச் சொன்னதை என் காதாலேயே கேட்டேன். மருமகள் தையல் மெஷின் முன் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடச் சீருடைக்கு வெட்டிய துணி பக்கத்தில் குவிந்து கிடந்தது.

"மிதிச்சா நூலு அறுது; நூலு கோத்தா ஊசி ஒடியுது. நான் இன்னாண்ணே பண்றது?" என்றாள் என்னிடம்.

கொசஸ்தலை ஆறு கடலில் விழும் இடம் அது. உப்புக் காற்று இரவும் பகலும் இரும்பைத் தின்கிறது. எண்ணூர் அனல் மின் நிலையம் 1970-இலிருந்து 2017 வரை ஓடி ஓய்ந்தது. ஆனால் அக்கரையில் வடசென்னை அனல் மின் நிலையம் ஓயவில்லை. பறந்து வரும் சாம்பல் மெஷின் எண்ணெயோடு குழைந்து பசையாகிறது. ஈரத்தில் தோல் பெல்ட் நெகிழ்ந்து, சக்கரம் சுற்றினாலும் ஊசி தயங்குகிறது. கைக்கு எட்டிய தேங்காயெண்ணெயை விட்டால், அது சில நாளில் பிசினாகிப் பிடித்துக்கொள்கிறது. மேல்நூலின் இறுக்கம் கூடினால் நூல் அறும். குறைந்தால் துணிக்கு அடியில் குருவிக்கூடு கட்டும். அடியில் தெரியும் சிக்கலுக்குக் காரணம் மேலே இருக்கிறது! மெஷினுக்கு மட்டும்தானா இந்த நியாயம்?

ஊசியைத் திருப்பி மாட்டினாலும் தையல் விழாது. அது அவள் தவறுதான்; மறுக்கவில்லை. ஆனால் ரவிக்கை வெட்டக் கற்றுக் கொடுத்தவர்கள் மெஷினைத் திறந்து காட்டினார்களா? "அதெல்லாம் மெக்கானிக் வேலைம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

அதே குப்பத்தில் ஆண்பிள்ளையின் படகு இஞ்சின் நின்றுபோனால் என்ன நடக்கிறது? நாலு பேர் கூடுகிறார்கள். இஞ்சினைக் கழற்றிப் பரப்புகிறார்கள். காசிமேட்டுக்குத் தூக்கிப் போகிறார்கள். 'இவனுக்குக் கடல் தெரியாது' என்று ஒருவரும் சொல்வதில்லை. அவன் இஞ்சின் நின்றால் இஞ்சினுக்குக் கோளாறு. அவள் மெஷின் நின்றால் அவளுக்குக் கோளாறு. இது என்ன தர்மம்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு வந்து கழிமுகத்தை மூடியது. வலையும் படகும் கறுத்துப் போயின, தொழில் நின்றது. அந்த நாட்களில் அந்த வீட்டில் உலை வைத்தது இந்த மெஷின்தான். அப்போது மாமியாருக்குப் பழமொழி ஞாபகம் வரவில்லை.

யந்திரங்களைச் சந்தேகித்த காந்தியடிகள்கூட, 1924-இல் ஜி. ராமச்சந்திரனோடு பேசியபோது, தையல் மெஷினுக்கு விலக்களித்தார். ஸிங்கர் தன் மனைவி கையால் தைத்து அலுப்பதைக் கண்டு, அந்த அன்பினால் இதைச் செய்தார் என்பது அவர் கொண்ட கருத்து. இருக்கட்டும். அன்பினால் பிறந்த யந்திரத்தை அன்பினால்தானே பராமரிக்கவும் வேண்டும்?

நம் ராஜ்யத்தில் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரால் இலவசத் தையல் மெஷின் தரும் திட்டம் இருக்கிறது. நல்ல காரியம், கை கூப்புகிறேன். ஆனால், அரசானாலும் சங்கமானாலும் தர்மவானானாலும், மெஷின் கொடுக்கிறவர்களிடம் நான் கேட்பது இது: ஒரு திருப்புளி, ஒரு புட்டி எண்ணெய், மெஷினைத் திறந்து மூட ஒரு நாள் பாடம் இவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். மாதம் ஒரு முறை ஒரு மெக்கானிக்கைக் குப்பத்துக்கே அனுப்புங்கள். பத்துப் பன்னிரண்டு கிலோ இரும்புத் தலையை இடுப்பில் சுமந்து அவள் பஸ் ஏற வேண்டியதில்லை.

அவளுக்குக் கூலி உருப்படிக்கு இத்தனை என்றுதான். நூல் அறுந்த பொழுதுக்கும் ஊசி ஒடிந்த பொழுதுக்கும் கணக்குப் புத்தகத்தில் பத்தி கிடையாது. அந்த நஷ்டத்தை அவள் ராத்திரித் தூக்கத்திலிருந்து எடுத்து ஈடுகட்டுகிறாள். அதற்கு மேல் ஒரு பழமொழியையும் அவள் தலையில் சுமத்துகிறோம்.

அவளுக்கு ஆடத் தெரியும். தெருவைச் செப்பனிடுங்கள்.