தாமரைக் கோபுரம் சோறு போட்டதா?



தூத்துக்குடியில் கப்பல் ஏறிக் கடலைத் தாண்டினால் கொழும்பு. அங்கே பெய்ரா ஏரிக்கரையில் 350 மீட்டர் உயரத்துக்கு ஒரு கோபுரம் நிற்கிறது. தாமரைக் கோபுரம் என்று பெயர். கீழே கடைகள், கூட்ட அரங்கு. உச்சியில் சுழலும் உணவகம், ஊரையும் கடலையும் சுற்றிப் பார்க்க ஒரு மாடம். 2012-ல் வேலை தொடங்கியது. செலவு 11 கோடி டாலருக்கு மேல். அதில் பெரும்பங்கு சீன வங்கிக் கடன். 2019 செப்டம்பரில் அன்றைய ஜனாதிபதி சிறிசேன திறப்பு விழா நடத்தினார். அந்த மேடையிலேயே, முன்பணமாகக் கொடுத்த 200 கோடி ரூபாய் என்ன ஆனதென்று தெரியவில்லை என்றும் சொன்னார். நல்ல திறப்பு விழா!

விழா முடிந்தும் ஜனங்களால் மேலே ஏற முடியவில்லை. டிக்கெட் கொடுத்து உள்ளே விட்டது 2022 செப்டம்பர் 15-ந் தேதி. இடைப்பட்ட 3 வருசத்தில் அந்த நாட்டு விவசாயிக்கு என்ன நடந்தது? அதைத்தான் நாம் கேட்க வேண்டும்.

2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதிக்குத் தடை போட்டார்கள். இயற்கை விவசாயம் என்றார்கள். இயற்கை விவசாயம் நல்லதுதான், நாமும் ஆட்டுக்கிடை போட்டவர்கள்தான். ஆனால் மண்ணைப் பக்குவப்படுத்த அவகாசம் தராமல் ஒரே உத்தரவில் நிறுத்தினால் நெல் எப்படி அண்ணாச்சி விளையும்? விளைச்சல் விழுந்தது. நவம்பரில் தடையை வாபஸ் வாங்கினார்கள். அதற்குள் விதைப்பு போய்விட்டது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கமே கையை விரித்தது. ஜூலையில் ஜனாதிபதி கோத்தபய நாட்டை விட்டே ஓடினார்.

அந்த ஜூன் மாதம் நம்ம வ.உ.சி. துறைமுகத்திலிருந்து அரிசி ஏற்றிக்கொண்டு கப்பல் போனதே, ஞாபகம் இருக்கா? தமிழ்நாடு ஒதுக்கிய 40,000 டன் அரிசியில் ஒரு பகுதி அது. அனுப்பியது சரி, அது நம் கடமை. ஆனால் வானத்தைத் தொடும் கோபுரத்தை வைத்துக்கொண்டு சோத்துக்குக் கப்பலை எதிர்பார்த்தார்களே, அதை யோசியுங்கள்.

ஒத்தைக் கோபுரத்தால் நாடு திவாலானது என்று நாங்கள் சொல்லவில்லை. அம்பாந்தோட்டைத் துறைமுகம், மத்தல விமான நிலையம், வரிக் குறைப்பு, கொரோனா எல்லாம் சேர்ந்துதான். கோபுரம் திறந்த பிறகு கூட்டம் வந்ததும் உண்மை. உயரக் கட்டடமே கூடாது என்பதும் எங்கள் கட்சி அல்ல. சென்னை அண்ணா சாலையில் 177 அடி எல்.ஐ.சி. கட்டடம் 1959-லிருந்து நிற்கிறது. பாலிசிப் பணத்தில் எழுந்தது, ஆபீசாகப் பயன்படுகிறது, யாருக்கு என்ன வயிற்றெரிச்சல்? 2024 டிசம்பரில் தூத்துக்குடியில் மினி டைடல் பார்க் திறந்தார்கள். நம்ம பிள்ளைகளும் அதில் வேலைக்குப் போகட்டும்.

எங்கள் கேள்வி வேறு. மாடி எழுப்பப் பணம் கிடைக்கிறது, கண்மாய் தூர்வார ஏன் கிடைக்க மாட்டேங்குது? 2023 டிசம்பர் 17, 18-ல் மழை கொட்டித் தீர்த்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். மாவட்டம் முழுக்கக் கண்மாய்க் கரைகள் உடைந்தன. கரிசக்காட்டில் உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் நின்ன இடத்திலேயே அழுகின. அவ்வளவு தண்ணியும் கடலுக்குப் போனது. அடுத்த கோடையில் ஆடு குடிக்கத் தண்ணி இல்லை.

உரத்துக்கு இங்கே தடை இல்லை, வாஸ்தவம். புரட்டாசி விதைப்புக்கு டி.ஏ.பி. கேட்டுப் போய்ப் பாருங்கள். 1,350 ரூபாய் என்று மூட்டையில் அச்சடித்திருக்கிறது; கடையில் "ஸ்டாக் இல்லை" அல்லது "கூட இந்த மருந்தையும் வாங்கு". கிஸ்தி தர மாட்டேன் என்று சொன்னவன் மண்ணில் பிறந்துவிட்டு, இதைக் கேட்காமல் மூட்டையைத் தூக்கிட்டு வரலாமா?

ஆகவே நாம் கேட்பது: பாஞ்சாலங்குறிச்சி சுற்றுவட்டாரக் கண்மாய்களை விதைப்புக்கு முன் தூர்வாரிக் கரை பலப்படுத்து! சொசைட்டியில் டி.ஏ.பி.யை முன்கூட்டியே இருப்பு வை! விடுபட்டவர்களுக்கு வெள்ள நிவாரணமும் பயிர்க் காப்பீடும் கொடு!

ஓட்டப்பிடாரம் தாலுகா ஆபீஸ் முன்பு திரளுவோம். வரும்போது அடங்கல் நகல், காப்பீட்டு பிரீமியம் கட்டிய ரசீது, உரம் வாங்கிய பில் மூன்றையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். பில் தராத கடையாக இருந்தால், தேதியையும் கொடுத்த ரூபாயையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டு வாருங்கள்.