சீருடை கூறும் சான்று

பழம்பொருள்களைப் போற்றுதல் நற்பண்பே. ஆயினும், பழையன என்று சொல்லப்படுவன அனைத்தையும் அவ்வாறே நம்பிவிடுதல் அறிவுடைமை ஆகாது. படைவீரர்தம் சீருடைக்கும் சின்னத்திற்கும் இவ்வுண்மை பெரிதும் பொருந்தும்.

முதல் உலகப் போருக்குச் சென்ற திருச்சிராப்பள்ளி வீரர்க்குக் காந்தி சந்தையருகே நினைவுச் சின்னம் ஒன்று நிற்கின்றது. இந்நகரத்தின் கே.கே. நகர் முதலிய பகுதிகளில் வாழ்வோர் இல்லங்களிலும், பாட்டனார் அணிந்த சட்டையோ பதக்கமோ பெட்டிக்குள் கிடத்தல் கூடும். அதன் மெய்ம்மையை அறிவது எங்ஙனம்?

ஏட்டுச்சுவடியை ஆராய்வோர், அதன் எழுத்தும் சொல்லும் அக்காலத்துக்கு ஒத்தனவா என்று முதற்கண் நோக்குவர். சீருடைக்கும் அந்நெறியே உரியது. ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியப் படையின் சின்னங்கள் பலவற்றில் மணிமுடி விளங்கிற்று. 1950 சனவரி 26-இல் இந்தியா குடியரசானபின், அவ்விடத்தை அசோகர் தூணின் சிங்கத்தலை பெற்றது. ஆதலின், 1944-இல் பர்மாப் போரில் அணிந்ததாகக் கூறப்படும் சட்டையில் சிங்கமுத்திரைப் பொத்தான் இருப்பின், ஐயுறுதல் வேண்டும். நூலிழையும் சான்று பகரும். பாலியெஸ்டர் இழை 1941-இல்தான் இங்கிலாந்தில் கண்டறியப்பட்டது. 1914-ஆம் ஆண்டுச் சட்டையின் முதல் தையலில் அஃது இருத்தல் இயலாது. இரண்டாம் உலகப் போருக்கென இந்திய வீரர்க்கு வழங்கிய பதக்கங்கள் சிலவற்றில் பெயரும் எண்ணும் பொறிக்கப்பட்டன. அவற்றைப் படைப்பணி ஆவணங்களோடு ஒப்பிடலாம்.

எனினும், ஐயம் வேறு, முடிவு வேறு. அவ்வீரரே 1950-க்குப் பின்னும் பணியாற்றிப் பொத்தானை மாற்றியிருக்கலாம். இடைச்செருகல் ஒன்று உளதெனின், நூல் முழுவதையும் பொய்யென்று எறிவார் உளரோ? மாற்றத்தை மாற்றமென்றே கூறுதல் நேர்மை. மறைத்து விற்றல் வஞ்சனை. புதுத்துணியைத் தேயிலை நீரில் தோய்த்துப் பழந்துணி போலாக்குவாரும் உளர். ஆகவே, மங்கிய நிறத்தையும் கிழிசலையும் மட்டும் கண்டு மயங்கற்க.

இத்துணை நுணுகி நோக்குவது எற்றுக்கு? பதக்கம் என்பது வெறும் உலோகத் துண்டன்று. உயிரைப் பணயம் வைத்து ஒருவர் ஈட்டிய புகழின் அடையாளம். பொய்ச்சின்னம் அப்புகழை உரியவரிடமிருந்து பறித்து, உரிமையில்லார்க்கு அளித்துவிடுகின்றது. அது திருட்டே அன்றோ?

மாணவர்களே, உங்கள் வீட்டில் பழஞ்சீருடை கிடைப்பின், அதனை வெளுத்துப் புதுக்க வேண்டா. பதக்கத்தைத் தேய்த்து மெருகிடவும் வேண்டா. அணிந்தவர் பெயர், படைப்பிரிவு, பணியாற்றிய ஆண்டுகள் ஆகியவற்றைப் பெரியோரிடம் கேட்டு இன்றே எழுதிவையுங்கள். சொல்வோர் மறைந்தபின், துணி மட்டும் எஞ்சியிருந்து பயன் என்னை?