கேம் வீடியோ ரெக்கார்டு பண்ண லட்ச ரூபாய் கம்ப்யூட்டர் வேணுமா? ரேம் விலை எகிறும் நேரத்தில் எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்?

‘கேமிங் சேனல் ஆரம்பிக்கப் போறேன், புது கம்ப்யூட்டர் வேணும்’ என்று பிள்ளைகள் கேட்டால், வீட்டில் எழும் முதல் கேள்வி ‘எவ்வளவு ஆகும்?’ என்பதுதான். 2025-ன் கடைசி மாதங்களில் ரேம் விலை கிடுகிடுவென ஏறியதால், அந்தக் கணக்கே மாறிவிட்டது.

ரேம் விலை ஏன் ஏறியது?

உலகின் பெரும்பாலான ரேம் சிப்களைத் தயாரிப்பது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய 3 நிறுவனங்கள்தான். ஏஐ சர்வர்களுக்கான மெமரியில் லாபம் அதிகம் என்பதால், இவற்றின் கவனம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. பொதுமக்களுக்கு ரேம் விற்றுவந்த ‘க்ரூஷியல்’ தொழிலிலிருந்தே விலகப்போவதாக 2025 டிசம்பரில் மைக்ரான் அறிவித்தது.

ரெக்கார்டிங்கிற்கு உண்மையில் என்ன தேவை?

ஃபுல் ஹெச்டி தரத்தில், நொடிக்கு 60 ஃப்ரேம் வீதம் ஓடும் கேமைச் சுருக்காமல் அப்படியே சேமித்தால், நொடிக்கு சுமார் 373 எம்பி இடம் பிடிக்கும். ஒரு மணி நேரத்துக்கு 1.3 டிபி! அதனால் வீடியோவை உடனுக்குடன் சுருக்கியாக வேண்டும். இந்த வேலையைச் செய்வதுதான் ‘என்கோடர்’.

பிராசஸரையே சுருக்கச் சொன்னால் கேம் திணறும். ஆனால் இதற்கென்றே தனிப் பகுதி கிராபிக்ஸ் கார்டுகளுக்குள் இருக்கிறது. என்விடியா இதை 2012-லேயே கொண்டுவந்துவிட்டது. இன்டெல் பிராசஸர்களில் 2011 முதல் ‘குயிக் சிங்க்’ வசதி உண்டு. ஆனால் பெயரின் முடிவில் ‘எஃப்’ என்ற எழுத்து உள்ள இன்டெல் பிராசஸர்களில் இது கிடைக்காது. விலை குறைவு என்று வாங்குபவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது.

ஹார்டு டிஸ்க் போதுமா?

நொடிக்கு 50 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால், ஒரு மணி நேர வீடியோ சுமார் 22 ஜிபி. இந்த வேகத்துக்குச் சாதாரண ஹார்டு டிஸ்க்கே ஈடுகொடுக்கும். கேமை எஸ்எஸ்டி-யிலும், பதிவாகும் வீடியோவைத் தனி ஹார்டு டிஸ்க்கிலும் வைத்துக்கொண்டால் செலவு குறையும்.

ரேம் எவ்வளவு?

பெரும்பாலான கேம்களுக்கு, ரெக்கார்டிங்கையும் சேர்த்து, 16 ஜிபி போதும். 4கே எடிட்டிங் செய்பவர்களுக்குத்தான் 32 ஜிபி. அதையும் சேனல் வளர்ந்த பிறகு யோசிக்கலாம்.

கேப்சர் கார்டு தேவையா?

கம்ப்யூட்டரிலேயே விளையாடி, அதிலேயே பதிவு செய்பவர்களுக்குத் தேவையே இல்லை. பிளேஸ்டேஷன் போன்ற கன்சோலின் காட்சியைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவரத்தான் அது உதவும். பிளேஸ்டேஷன் 5-லேயே ரெக்கார்டிங் வசதி இருப்பதால், ஆரம்பத்தில் அதுவே போதும்.

வாங்கும் முன் செய்ய வேண்டியது

இருக்கிற கம்ப்யூட்டரிலேயே ‘ஓபிஎஸ் ஸ்டூடியோ’ என்ற இலவச மென்பொருளைப் போட்டு, என்கோடர் அமைப்பில் கிராபிக்ஸ் கார்டைத் தேர்வு செய்து, 10 நிமிடம் பதிவு செய்து பாருங்க. அதன் ‘ஸ்டாட்ஸ்’ பகுதியில் ‘என்கோடிங் லேக்’ ஏறினால், என்கோடருக்குச் சுமை அதிகம் என்று அர்த்தம்; ரெசல்யூஷனைக் குறைக்கலாம். ‘ரெண்டரிங் லேக்’ ஏறினால் கிராபிக்ஸ் கார்டு திணறுகிறது; கேமின் ஃப்ரேம் வேகத்துக்கு வரம்பு வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இரண்டும் செய்தும் வீடியோ திக்கினால் மட்டும் பர்ஸைத் திறக்கலாம். அப்போதும் முழு கம்ப்யூட்டரை மாற்ற வேண்டியதில்லை. எந்தப் பாகம் திணறுகிறதோ, அதை மட்டும் மாற்றினால் போதும்.