எதிர்காலத்துக்கும் சேர்த்து ஒரு கணிப்பொறியா?



பொதுத்தேர்வு முடிந்ததும் கணிப்பொறி வாங்கித் தருவதாக உங்களில் சிலருக்கு வீட்டில் வாக்களித்திருப்பார்கள். படிப்புக்கு என்று நீங்கள் சொன்னாலும், மனம் விளையாட்டுகளின் மேல் இருப்பது பெற்றோர் அறியாததன்று. அதில் தவறும் இல்லை. ஆனால் பாகங்களைத் தேர்ந்தெடுக்க உட்காரும்போது, "இனிப் பத்து ஆண்டுகளுக்கு மாற்றவே தேவையிராத செயலி எது?" என்று கேட்கிறீர்கள். கடைக்காரரும் விலை மிகுந்த பெட்டியை எடுத்துக் காட்டுகிறார். வருங்காலத்துக்கும் சேர்த்து இன்றே வாங்கிவிடலாம் என்னும் இந்த எண்ணம் சரிதானா? சரியன்று என்பதே என் கருத்து. அதற்கான காரணங்களைக் கூறுகிறேன். கூட்டிக் கழித்துப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

2017இல் நடந்தது என்ன?

2017 ஜனவரியில் இன்டெல் நிறுவனம் கோர் ஐ7-7700கே என்னும் செயலியை வெளியிட்டது. பட்டியல் விலை 339 டாலர். அதில் நான்கு கோர்கள், அதாவது தனித்து இயங்கவல்ல நான்கு கணக்கிடும் பகுதிகள், இருந்தன. விளையாட்டுக்கு அதைவிடச் சிறந்தது இல்லை என்று அன்று பலரும் அதை வாங்கினர். அதே ஆண்டு மார்ச்சில் ஏ.எம்.டி. நிறுவனம் எட்டுக் கோர்கள் கொண்ட ரைசன் செயலிகளுடன் போட்டிக்கு வந்தது. அக்டோபரில் இன்டெல் ஆறு கோர்கள் கொண்ட ஐ5-8400 செயலியை 182 டாலருக்கு விற்றது. ஒன்பதே மாதங்களில், ஏறத்தாழ பாதி விலையில், கூடுதல் கோர்கள்!

கதை அத்துடன் முடியவில்லை. 2021இல் விண்டோஸ் 11 வந்தபோது, அது ஏற்றுக்கொள்ளும் இன்டெல் செயலிகளின் பட்டியல், சில விலக்குகள் நீங்கலாக, எட்டாம் தலைமுறையில் தொடங்கியது. ஏழாம் தலைமுறையைச் சேர்ந்த 7700கே வெளியே நின்றது. 182 டாலர் செயலி உள்ளே நுழைந்தது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அந்த விலை மிகுந்த செயலி வேகம் குறைந்ததால் விலக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். வாங்கியவர் எண்ணிப் பார்த்திராத வேறொரு வழியாக முதுமை வந்து சேர்ந்தது.

படம் வரையும் கிராபிக்ஸ் கார்டின் கதையும் இதுவே. 2017 மார்ச்சில் 699 டாலருக்கு வந்த என்விடியா ஜி.டி.எக்ஸ். 1080 டி.ஐ. அன்றைய விளையாட்டுக் கார்டுகளில் முதல் வரிசையில் நின்றது. ஒளிக்கதிர் செல்லும் வழியைக் கணக்கிடுவதற்கென்றே தனிச் சுற்றுகள் கொண்ட கார்டுகள் 2018இல் வந்தன. 2024 டிசம்பரில் வெளியான 'இண்டியானா ஜோன்ஸ் அண்டு தி கிரேட் சர்க்கிள்' என்னும் விளையாட்டு அத்தகைய சுற்றுகளைக் கட்டாயமாகக் கேட்கிறது. 1080 டி.ஐ. கார்டில் அவை இல்லை.

"2011இல் ஐ7-2600கே வாங்கியவர்கள் பல ஆண்டுகள் கவலையின்றி இருந்தார்களே!" என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் அது வாங்கியவரின் தொலைநோக்கால் நேர்ந்ததன்று. வலுவான போட்டி இல்லாததால், 2017 தொடக்கம் வரை அந்த வரிசைச் செயலிகள் நான்கு கோர்களிலேயே நின்றுவிட்டன. அதை நற்பேறு எனலாம், திட்டம் எனலாகாது.

இயற்பியல் என்ன சொல்கிறது?

1971இல் வந்த இன்டெல் 4004 செயலியின் துடிப்பு நொடிக்கு 7,40,000. 2004இல் பென்டியம் 4 செயலியின் துடிப்பு நொடிக்கு 380 கோடி, அதாவது 3.8 கிகாஹெர்ட்ஸ். முப்பத்து மூன்று ஆண்டுகளில் ஐயாயிரம் மடங்கு! அதன் பின்னர் இருபது ஆண்டுகள் சென்று, 2024இல் எட்டப்பட்டது 6.2 கிகாஹெர்ட்ஸ். இரண்டு மடங்குகூட இல்லை.

ஏன் இந்தத் தேக்கம்? செயலி மாறி மாறித் துடிப்பதற்குச் செலவாகும் திறன், மின்னழுத்தத்தின் இருமடிக்கும் அதிர்வெண்ணுக்கும் நேர்விகிதத்தில் இருக்கும். அதிர்வெண்ணை 10 விழுக்காடு கூட்டுவதற்காக மின்னழுத்தத்தையும் 10 விழுக்காடு கூட்ட நேர்ந்தால், திறன் 1.1 × 1.1 × 1.1, அதாவது ஏறத்தாழ 1.33 மடங்கு ஆகிறது. வேகம் பத்து விழுக்காடு. வெப்பமோ முப்பத்து மூன்று விழுக்காடு! டிரான்சிஸ்டர்கள் சிறுத்துக்கொண்டே வந்த நாள்களில் மின்னழுத்தத்தையும் குறைத்துக்கொண்டே வர முடிந்தது. 2005 அளவில் கசிவு மின்னோட்டம் அதற்குத் தடை போட்டுவிட்டது. இன்றைய முன்னேற்றம் பெரும்பாலும் ஒரு துடிப்பில் கூடுதல் வேலை செய்வதாலும், கோர்களின் எண்ணிக்கையாலும், செயலிக்குள்ளேயே உள்ள சேமிப்பிடம் பெருகுவதாலும் வருகிறது. ஆகவே, உச்சவிலைச் செயலியின் கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸ்களுக்கு நீங்கள் கொடுக்கும் பணம் பெரும்பாலும் வெப்பமாகவே திரும்பி வருகிறது.

அந்த வெப்பம் எங்கே போவது? வெப்பம் வெளியேறும் வீதம் வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது என்று படித்திருப்பீர்கள். செயலியின் எல்லை 95 டிகிரி எனக் கொள்வோம். குளிரூட்டிய அறையில் 22 டிகிரி என்றால் வேறுபாடு 73. நம் ஊர்க் கோடையில் அறை 38 டிகிரி என்றால் வேறுபாடு 57. அதே விசிறி வெளியேற்றும் வெப்பம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. எல்லையைத் தொட்டதும் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய வேகம் சித்திரை மாதத்தில் கைக்கு வராது!

பூரி சுடும் கணக்கு

திரையில் நொடிக்கு 60 படங்கள் தோன்ற வேண்டுமானால், ஒரு படத்துக்கு 16.7 மில்லிநொடிதான் உண்டு. யார் எங்கே நிற்கிறார், பந்து எங்கே விழும் என்று செயலி கணக்கிடுகிறது; கார்டு அதைப் படமாகத் தீட்டுகிறது. வீட்டில் ஒருவர் பூரி தேய்க்க, மற்றவர் எண்ணெயில் போட்டு எடுப்பதைப் போன்றது இது. எடுப்பவருக்கு ஒரு பூரிக்கு ஒரு நிமிடம் ஆகும்போது, தேய்ப்பவர் எத்தனை விரைந்தாலும் தட்டில் நிமிடத்துக்கு ஒரு பூரிதான் விழும்.

எனவே முதலில் மானிட்டரை முடிவு செய்யுங்கள். 1920 × 1080 திரையில் 20,73,600 புள்ளிகள். 3840 × 2160 திரையில் 82,94,400 புள்ளிகள், சரியாக நான்கு மடங்கு. இதனால் பெருகும் வேலை பெரும்பாலும் கார்டின் தலையில் விழுகிறது. ஆகவே, திரைக்கேற்ற கார்டு, அந்தக் கார்டுக்கு ஈடுகொடுக்கும் அளவில் ஒரு நடுத்தரச் செயலி என்பதே முறையான வரிசை. 2020 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ் ஆகிய இரண்டிலும் இருப்பது ஏ.எம்.டி.யின் எட்டுக் கோர் செயலியே. பெரிய விளையாட்டுகள் பல அவற்றுக்கும் சேர்த்தே எழுதப்படுகின்றன என்பதையும் மறவாதீர்கள்.

உள்மடிப்பு வைத்துத் தையுங்கள்

வளரும் பெண்ணுக்குப் பாவாடை தைக்கும்போது, கூடுதல் துணியை உள்மடிப்பாக வைத்துத் தைப்பார்கள். ஆண்டுதோறும் கொஞ்சம் பிரித்துவிடுவார்கள். பத்து ஆண்டுகளுக்குப் பின் பொருந்தும் பாவாடையை யாரும் இன்றே தைப்பதில்லை. கணிப்பொறிக்கும் இதுவே நல்ல வழி.

உள்மடிப்பு எங்கே இருக்கிறது? முதலாவது மதர்போர்டில். 2017இல் ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 போர்டு வாங்கியவர்களில் பலர், போர்டு நிறுவனம் தந்த புதிய பயாஸை ஏற்றி, 2022இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி செயலியை அதே போர்டில் பொருத்த முடிந்தது. அதே 2017இன் தொடக்கத்தில் இன்டெல் போர்டு வாங்கியவர்களால், அவ்வாண்டு அக்டோபரில் வந்த செயலியைக்கூடப் பொருத்த முடியவில்லை. சாக்கெட்டின் பெயரோ இரண்டிலும் 1151தான்! ஆகவே செயலியின் வேகத்தைக் கேட்கும் முன்னர், "இந்தச் சாக்கெட்டுக்கு இன்னும் எத்தனை ஆண்டு புதிய செயலிகள் வரும்?" என்று கேளுங்கள். 2022இல் தொடங்கிய ஏ.எம்.5 சாக்கெட்டை 2027 வரையிலேனும் தொடர்வதாக ஏ.எம்.டி. அறிவித்திருக்கிறது.

இரண்டாவது, கடைகளில் எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கி. இதில் மட்டும் சற்றுக் கூடுதலாக வாங்குவது வீணாகாது. 2016இன் ஜி.டி.எக்ஸ். 1080 கார்டுக்கு 180 வாட், 2025இன் ஆர்.டி.எக்ஸ். 5090 கார்டுக்கு 575 வாட். நல்ல மின்வழங்கி கார்டுகள் மாறினாலும் தொடர்ந்து உழைக்கும். பாதிச் சுமையளவில் அதன் பயனுறுதிறனும் சிறப்பாக இருக்கும். பெயர் தெரியாத மலிவுச் சரக்கு பழுதானால் மற்றப் பாகங்களையும் கெடுத்துவிடக்கூடும். மூன்றாவது, காற்றோட்டமுள்ள கேபினட். நான்காவது, கூடுதல் ரேம் செருகக் காலியிடம்.

இதிலும் ஓர் இடர் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. 2025இன் இறுதியில், செயற்கை நுண்ணறிவு நிலையங்களின் தேவையால், ரேம் விலை கடுமையாக ஏறியது. பின்னர் வாங்கலாம் என்று காத்திருந்தவர்கள் கூடுதலாகக் கொடுக்க நேர்ந்தது. விலைகூட எந்தத் திசையில் செல்லும் என்று எவராலும் உறுதி கூற இயலாது. அதனால்தான் எல்லாப் பணத்தையும் ஒரே நாளில் ஒரே ஊகத்தின் மேல் வைக்க வேண்டாம் என்கிறேன்.

வீட்டில் ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்கியிருந்தால், அறுபதாயிரத்தில் இன்றைய தேவைக்கு நிறைவாக அமைக்க முடியுமா என்று பாருங்கள். மீதி நாற்பதாயிரம் வங்கியில் வட்டியுடன் இருக்கட்டும். நான்கு ஆண்டுகளுக்குப் பின் எந்தப் பாகம் பின்தங்குகிறது என்பது கண்கூடாகத் தெரிந்துவிடும். அப்போது அதை மட்டும் மாற்றுங்கள். இடையில் கல்லூரிக் கட்டணம் போன்ற வேறு தேவை வந்தால், அந்தப் பணம் அதற்கும் உதவும். ஒரு தாளை எடுத்து இரு வழிகளுக்கும் கணக்குப் போடுங்கள். அதைப் பெற்றோரிடம் காட்டிப் பேசுங்கள். அதன் பின்னர் கடைக்குப் புறப்படலாம்.