திருநீற்றுக்கு அடங்காத பிணம்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெங்களூர் அல்சூரில் நல்ல மழை. போன கரண்ட் திரும்பி வந்தபோது மணி எட்டரை. தங்கை மகன் கட்டிலில் குப்புறப் படுத்துச் செல்போனைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தான். "மாமா, இங்க வாயேன். மூஞ்சில என்னமோ அப்பிக்கிட்டு ஒருத்தன் வரான். இதுக்குப் போயி எல்லாரும் கத்துறாங்க" என்றான். எட்டிப் பார்த்தேன். மங்கிப்போன வண்ணம், நெட்டையான உருவம், விறைத்த நடை. எனக்கு முதுகு சில்லிட்டது. ‘நாளைய மனிதன்’.

"எந்தப் பேய்ப் படம் மாமா இது?"

"பேய்ப் படமே இல்லடா" என்றேன்.

அவன் நம்பவில்லை. அவனுக்குச் சொல்ல முடியாமல் போனதை இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

படம் வந்தது 1989-ல். இயக்கம் வேலு பிரபாகரன். பிரபு, அமலா, ஜெய்சங்கர் நடித்தார்கள். செத்தவரை எழுப்பும் மருந்தை ஒரு டாக்டர் கண்டுபிடிக்கிறார். உயிர் போன சிறிது நேரத்துக்குள் கொடுத்தால்தான் அது மருந்து. நேரம் தப்பிப்போய்க் கொடுத்ததில் ஒரு பிணம் எழுந்துவிடுகிறது. எழுந்ததற்கு உடம்பு இருக்கிறது, பலம் இருக்கிறது, மனிதன் மட்டும் உள்ளே இல்லை. அந்த உருவமாக நடித்தவர் அஜய் ரத்னம். அந்த உயரமும் தோளும்தான் படத்தின் பெரிய செலவில்லாத சொத்து. அடுத்த வருஷமே ‘அதிசய மனிதன்’ என்று இரண்டாம் பாகம் வந்தது. 2016-ல் ‘மிருதன்’ வந்தபோது தமிழின் முதல் ஜாம்பி படம் என்று எங்கு பார்த்தாலும் போட்டார்கள். அதற்கு இருபத்தேழு வருஷம் முன்பே எங்கள் தெருப் பிள்ளைகளின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டுப் போனவரை யாரும் நினைத்துப் பார்க்கவில்லையே என்று எனக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது.

அந்தப் படத்தை நான் பார்த்தது கொட்டகையில் இல்லை, பக்கத்து வீட்டில். அவர்கள் வீட்டு மாமா துபாயிலிருந்து வந்தபோது வீடியோ டெக் கொண்டுவந்திருந்தார். சனிக்கிழமை ராத்திரி கேசட் எடுத்தால் தெருவே அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும். பெரியவர்களுக்குப் பாய், எங்களுக்கு வெறுந்தரை. ஹெட் அழுக்கானால் திரையில் புள்ளி புள்ளியாகப் பூச்சி பறக்கும். மாமா மூடியைக் கழற்றி ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைப்பார். பலமுறை வாடகைக்குப் போய்வந்த கேசட் என்றால் ட்ராக்கிங் போய்விடும். வெள்ளைக் கோடு ஒன்று அந்த உருவத்தின் முகத்தைக் குறுக்கே அறுத்துக்கொண்டு மேலும் கீழும் போகும். கோட்டுக்கு மேலே ஒரு கண், கீழே வாய். எந்த மேக்கப்காரரும் செய்திருக்க முடியாத பயங்கரம் அது. இன்றைக்குத் துல்லியமான பிரதியே கிடைத்தாலும் அந்தக் கோட்டை நான் தேடுவேன்.

படம் முடிந்து வீட்டுக்கு வந்தால் தூக்கம் வரவில்லை. பாட்டி வழக்கம்போல நெற்றியில் திருநீறு பூசினாள். "எந்தக் காத்துகருப்பும் அண்டாது, தூங்கு."

"பாட்டி, அது காத்துகருப்பு இல்ல. மருந்து. ஊசி போட்டதால எழுந்துச்சு."

பாட்டி கொஞ்ச நேரம் யோசித்தாள். அவளிடம் எல்லாவற்றுக்கும் ஒரு வழி இருக்கும்; இதற்கு அவளிடம் வழி இல்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு வந்த பயம்தான் பயம்.

வேலு பிரபாகரன் செய்த காரியம் அதுதான். தமிழ்ப் படத்துப் பேய் அதுவரை நியாயமான பேய். யாரோ ஏமாற்றியிருப்பார்கள், கொன்றிருப்பார்கள், அதற்குப் பழிவாங்க வரும். பழி தீர்ந்தால் போய்விடும். தீராவிட்டால் எலுமிச்சம்பழம், வேப்பிலை, உடுக்கை, கடைசியில் ஓர் அம்மன் கோயில் மணி. வேலு பிரபாகரன் ஒளிப்பதிவாளராக இருந்து இயக்குநரானவர். கடைசிவரை பகுத்தறிவு பேசினார். பின்னாளில் ‘கடவுள்’ என்றே பெயர் வைத்துப் படம் எடுத்தார். 2025 ஜூலையில் காலமானார். பேயை நம்பாத ஒருவர் பயமுறுத்தும் படம் எடுக்கவேண்டுமானால் என்ன செய்வார்? ஆவியை வெளியே அனுப்பிவிட்டு ஆஸ்பத்திரியை உள்ளே கொண்டுவந்தார். இந்தப் பிணத்துக்கு யார் மேலும் கோபம் கிடையாது. அதனால் அதைச் சமாதானம் செய்யவும் முடியாது.

இதே பெங்களூரில் சில வருஷம் கழித்து, தொண்ணூறுகளில், ராத்திரியில் ஒரு பேய் வந்து தெரிந்தவர் குரலில் கதவைத் தட்டுகிறது, திறந்தால் செத்தோம் என்று ஊரெல்லாம் பேச்சு. கதவிலும் சுவரிலும் கன்னடத்தில் ‘நாளெ பா’, அதாவது நாளைக்கு வா, என்று எழுதி வைத்தார்கள். பேய் அதைப் படித்துவிட்டுப் போகும், மறுநாள் வரும், மறுபடி படிக்கும், போகும். பிற்பாடு ‘ஸ்த்ரீ’ என்று 2018-ல் வந்த இந்திப் படத்துக்குக் கருவே இந்தக் கதைதான். ஊர் நடுங்கியபோது எனக்கு மட்டும் அவ்வளவு பயம் இல்லை. எழுத்துக்குக் கட்டுப்படுகிற பேய்தானே. எழுந்து வந்த பிணத்துக்கு எந்த மொழியில் எழுதி வைப்பது?

சரி, மருமகன் சிரித்தானே, அதற்கு வருகிறேன். ஒட்டவைத்த முகம் தெரிகிறது, வெளிச்சம் போட்ட இடம் தெரிகிறது, பயப்படும் துணை நடிகர் ஒரு நொடி முன்னாலேயே பயந்துவிடுகிறார். எல்லாம் உண்மை. அன்றைக்கும் எங்களுக்குத் தெரிந்தது. அந்தக் கூடத்திலும் சிரித்தோம். சிரித்த வாய் மூடுவதற்குள் பயந்தோம்.

அது எப்படி என்று பாட்டி ஊரில்தான் தெரிந்துகொண்டேன். கண்டோன்மென்ட் தமிழர்களில் பலருக்கு வேர் வடாற்காட்டில்தான்; பாட்டிக்கு வேலூர்ப் பக்கம். சிவராத்திரி முடிந்த அமாவாசையில் அங்கே மயானக் கொள்ளை. நாக்கைத் தொங்கவிட்ட காளி வேஷத்தில் சுடுகாட்டை நோக்கி ஆடிக்கொண்டு போவார்கள். அந்த வருஷம் காளியாக வந்தவர் முந்தின நாள் எனக்குக் கால்சட்டை தைத்துக் கொடுத்த தையல்காரர். கிட்டே வரும்போது பார்த்தேன்: முகத்தில் அப்பிய பச்சை காதோரம் வியர்வையில் வழிந்து கழுத்தின் நிறம் தெரிகிறது, அட்டைக் கிரீடத்தில் ஜிகினாத்தாள் ஒரு பக்கம் பிய்ந்திருக்கிறது, கையில் தையல்காரரின் அதே வெள்ளி மோதிரம். "தையல்கார அண்ணன்" என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினார். பாட்டியின் முந்தானைக்குள் போய்விட்டேன். ஆள் யாரென்று தெரியும், தெரிந்தும் நடுக்கம் நிஜம். இரண்டும் ஒன்றையொன்று தள்ளவில்லை. கூத்தும் மயானக் கொள்ளையும் பார்த்துப் பழகிய சனம், ரப்பர் முகத்தைப் பார்த்து ஏமாறவும் இல்லை, ஏளனம் செய்யவும் இல்லை. பாதி அவர்கள் காட்டினார்கள், மீதியை நாங்கள் போட்டுக்கொண்டோம்.

இப்படி மீதியை நம்மிடம் விட்ட படங்கள் தமிழில் வெகுகாலமாக உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது 1952-ல் சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ் செய்தது. டி.ஆர். சுந்தரம் அமெரிக்கக் கம்பெனியோடு கூட்டு சேர்ந்து ‘தி ஜங்கிள்’ எடுத்தார்; தமிழில் ‘காடு’. ராட் கேமரன், சீசர் ரொமேரோ, மேரி விண்ட்சர் என்று ஹாலிவுட் ஆட்கள், இயக்குநர் வில்லியம் பெர்க். யானைகள் மிரண்டு ஊரை மிதிக்கின்றன. எதைக் கண்டு மிரள்கின்றன என்று தேடிக் காட்டுக்குள் போனால், என்றைக்கோ அழிந்துபோன சடை யானைகள், மாமூத். அந்தக் காலத்தில் மாமூத்துக்கு எங்கே போவது? நம்முடைய யானைகளுக்கே மயிர்ப் போர்வை போர்த்தி நிறுத்திவிட்டார்கள். அடுத்த வருஷம் அமெரிக்காவில் ‘ரோபாட் மான்ஸ்டர்’ என்று ஒரு படம். கொரில்லா உடுப்பில் ஓர் ஆளை நுழைத்துத் தலைக்கு ஹெல்மெட் மாட்டி, நிலாவிலிருந்து வந்தவன் என்றார்கள். அது உலகப் புகழ் பெற்றது, புத்தகங்களில் எல்லாம் அதன் படம் இருக்கிறது. நான் சேலத்து யானையின் பக்கம். கொரில்லா உடுப்பு எங்கேயும் கிடைக்கும். யானைக்கு அளவெடுத்தது யார், அந்தப் போர்வையை எத்தனை பேர் உட்கார்ந்து தைத்தார்கள், யானை அதை முதுகில் ஏற்றிக்கொள்ளப் பாகன் அதன் காதில் என்ன சொன்னார் என்று நினைக்க நினைக்க எனக்கு நெஞ்சு நிறைகிறது.

பயமுறுத்தாத படம் என்றாலும் 1963-ல் வந்த ‘கலை அரசி’யை விட்டுவிட முடியாது. ஏ. காசிலிங்கம் இயக்கியது. எம்.ஜி.ஆர்., பானுமதி, நம்பியார். வேற்றுக்கிரகத்திலிருந்து பறக்கும் தட்டில் ஆள் வருகிறான். தங்கத்துக்கு வரவில்லை, தண்ணீருக்கு வரவில்லை. அவர்கள் உலகத்துக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும், அதற்காகப் பானுமதியைத் தூக்கிக்கொண்டு போகிறான். இப்படி ஒரு காரணத்தைக் கோடிகளைக் கொட்டி எடுத்த எந்தப் படத்திலாவது யாராவது யோசித்திருக்கிறார்களா?

அப்புறம் இயக்குநர் விட்டலாச்சார்யா. உடுப்பிப் பக்கத்துக்காரர், தெலுங்கில் எடுத்தார், தமிழ்நாடு முழுக்க ஓடியது. ‘ஜெகன்மோகினி’யில் விறகுக்குப் பதிலாகத் தன் காலையே அடுப்பில் நீட்டி எரித்துச் சமைக்கும் பேயைப் பார்த்தவர்கள் யாரும் மறக்கமாட்டார்கள். கேமராவை நிறுத்தி, ஆளை மாற்றி, மறுபடி ஓடவிடுகிற பழைய வித்தைதான் முக்கால்வாசி. கேமரா அசையாமல் இருக்கவேண்டும், நடிகர் நின்ற நிலையிலேயே உறையவேண்டும், வெளிச்சம் மாறக்கூடாது. ஒரு தப்பு நேர்ந்தால் ஃபிலிம் போச்சு. சின்ன பட்ஜெட்காரருக்கு ஃபிலிம்தான் உயிர். ‘என்னடா விட்டலாச்சார்யா படம் மாதிரி’ என்று இன்றும் மட்டம்தட்டப் பேசுகிறார்கள். அந்த ஒரு நொடி மாற்றத்தைத் தடம் தெரியாமல் ஒட்ட எவ்வளவு பொறுமை வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாது.

பணம் குறைந்த படத்தில் பயம் எங்கே இருக்கிறது என்று எனக்கு ஒரு சந்தர்ப்பத்தில் துலக்கமாகத் தெரிந்தது. 1991 டிசம்பர். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவை ஒட்டிப் பெங்களூரில் தமிழர்களை அடித்த நாட்கள். பள்ளிக்கூடம் இல்லை, கடைகள் இல்லை, தமிழ்ப் படம் ஓடிய கொட்டகைகள் சாத்திக் கிடந்தன. பெரியவர்கள் வாசல் விளக்கை அணைத்துவிட்டுக் கிசுகிசுவென்று பேசினார்கள். கலவரத்துக்கு முன்னால் மாமா வீட்டில் எடுத்த கேசட் திருப்பிக் கொடுக்க வழியில்லாமல் அங்கேயே கிடந்தது. ‘நாளைய மனிதன்’, எங்கள் வற்புறுத்தலில் இரண்டாம் தரம் எடுத்தது. பிள்ளைகள் நச்சரிப்பு தாங்காமல் ஒரு மத்தியானம் போட்டுவிட்டார்கள். சன்னல் எல்லாம் சாத்தி, சத்தத்தை அடியோடு குறைத்து. தமிழ்ச் சத்தம் தெருவுக்குப் போகக்கூடாது.

படம் செத்துக் கிடந்தது. அதே உருவம், அதே நடை. ஒருவருக்கும் பயம் வரவில்லை. அந்த மூச்சுச் சத்தம் இல்லை, கதவு கிறீச்சிடுவது இல்லை, வயலின்கள் இழுக்கும் இழுப்பு இல்லை. நெட்டையான ஓர் இளைஞர், முகத்தில் எதையோ ஒட்டிக்கொண்டு, பாவம், கஷ்டப்பட்டு நடந்துகொண்டிருந்தார். மருமகன் இன்றைக்குச் செல்போனின் சின்ன ஸ்பீக்கரில் பார்த்ததும் அதைத்தான். அவ்வப்போது வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் போகும். அப்போது மட்டும் அந்தக் கூடத்தில் எல்லாரும் ஒன்றாக மூச்சை அடக்கினோம்.

கேசட் கடைக்காரர் கன்னடக்காரர். எங்களோடு பேசிப் பேசி அவர் தமிழில் வேலூர் வாடை அடிக்கும். ஊர் அடங்கி, பள்ளிக்கூடம் திறந்த பிறகு மாமா என்னையும் கூட்டிக்கொண்டு கேசட்டைக் கொடுக்கப் போனார். கடையில் தமிழ்க் கேசட்டுகளை உள் அலமாரிக்கு மாற்றி முன்னால் துணி தொங்கவிட்டிருந்தார். இத்தனை நாள் வாடகை ஆகியிருக்குமே என்று மாமா பையில் கையை விட்டார். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "பரவால்லா, இருக்கட்டும்" என்றார். பெட்டியைத் திறந்து கேசட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். டேப் முழுக்க வலது பக்கம் கிடந்தது. "ரீவைண்ட் பண்ணலயா தம்பி?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். எங்களை ஸ்டூலில் உட்காரச் சொல்லிவிட்டு, கேசட்டை மெஷினில் போட்டு, அது முழுக்கச் சுற்றி முடியும்வரை பக்கத்திலேயே நின்றிருந்தார்.