திரேஸ்புரம் பையன்களை யார் பார்ப்பது?

மாலை 5 மணிக்குத் திரேஸ்புரம் கடற்கரைப் பக்கம் போய்ப் பாருங்கள். படகுகளுக்கு நடுவே செருப்பைக் கோல் கம்பமாக வைத்துப் பையன்கள் பந்து உதைக்கிறார்கள். வெறுங்கால்தான். அடி ஒவ்வொன்றும் இடி!

சிவசக்தி நாராயணனும் பெரிய பட்டணத்துப் பையன் அல்ல. சிவகங்கைச் சீமைக்காரர். பெங்களூரு அணியின் பார்வர்டு ஆட்டக்காரர். 2022-ல் டூரண்ட் கோப்பை இறுதி ஆட்டம், எதிரே மும்பை. முதல் கோலைப் போட்டவர் இவர்தான்! 2-1 என்று பெங்களூரு கோப்பையைத் தட்டிச் சென்றது.

சென்னையில் அவரைத் தேற்றி விட்டது ராமன் விஜயனின் பயிற்சிப் பள்ளி. விஜயன் லேசுப்பட்ட ஆளா? 1997-98 தேசிய லீக்கில் கொச்சி அணிக்கு 10 கோல் அடித்து, கோல் கணக்கில் முதல் இடம் பிடித்தவராச்சே! கோல் அடிக்கும் கால் எது என்று அவருக்குத் தெரியும்.

திரேஸ்புரத்துக்கு அப்படி யார் வருகிறார்கள்?

"தருவை மைதானம் இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்து, அப்பாவுக்கு வலை உதறிக் கொடுக்கிற பையன் அங்கே எப்போது போய்ச் சேருவான்? இருட்டி விடுமே!

வாரம் 2 நாள் ஒரு கோச், நாலு பந்து, ஒரு விசில். பெரிய செலவு ஒன்றும் இல்லை. மாவட்ட விளையாட்டு அதிகாரிகள் அடுத்த பள்ளி விடுமுறைக்குள் கடற்கரைக்கே ஆளை அனுப்பட்டும்.